லைனும் லயமும்

லத்தீன் மொழியில் ஆளிநாரைச் சுட்டிய மூலத்திலிருந்து பிறந்த ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல், கோடு, வரிசை, செய்யுளின் அடி, ரயில் பாதை, தொலைபேசித் தொடர்பு, வமிசம், ஜீவனோபாயம் எனப் பல்கிப் பெருகி அகராதிப் பக்கங்களை நிரப்புகிறது. பாலக்காட்டு எல்லைக் கிராமங்களில் மின்கம்பியைப் பழுதுபார்க்க வருபவர் ‘லைன்மேன்’ என்றே அழைக்கப்படுகிறார். இடுக்கியின் மலைச்சரிவுகளிலோ அதே சொல் ஜனங்களின் வாசஸ்தலத்துக்கே நாமமாயிற்று.

1877-ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து அங்குள்ள கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற பின்னர், அங்கே தோட்டங்கள் பெருக, ஆள்சேர்க்கும் கங்காணிமார் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துச் சென்ற தொழிலாளர்களுக்காக ஒரே கூரையின் கீழ் நீண்ட வரிசையாகச் சிற்றறைகள் எழுந்தன. படைவீரர் குடியிருப்புகளை ‘லைன்ஸ்’ என்றே வழங்கிப் பழகிய துரைமார் இவற்றுக்கும் அப்பெயரையே இட, அது தொழிலாளர் நாவில் ‘லயம்’ எனத் திரிந்து, சங்கீதத்தில் காலப்பிரமாணத்தைக் குறிக்கும் சம்ஸ்கிருத பதத்தோடு யதேச்சையாக ஒத்துப்போயிற்று. இலங்கை மலையகத்தில் அதுவே ‘லயன்’ ஆனது.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு வழங்குவதை முதலாளியின் கடமையாக விதித்தது; ஆயினும் லயம் வேலையோடு பிணைந்ததாகையால், ஓய்வு பெற்றவர், குடும்பத்தில் வேறொருவர் தோட்டத்தில் பணிபுரியாவிடில், அதனை விட்டு நீங்க வேண்டியவராகிறார். 2020 ஆகஸ்டில் இம்மலைகளிலுள்ள பெட்டிமுடியில் மண்சரிவு லயங்களைப் புதைத்து 70 பேரைப் பலிகொண்டபோது, அம்மலைத் தமிழர் நெடுங்காலமாக விடுத்துவந்த சொந்த நிலம், சொந்த வீடு என்னும் கோரிக்கை மீண்டும் வலுப்பெற்றது.