தமிழ்ப் பிராமிக் கல்வெட்டியல்

தமிழ்ப் பிராமிக் கல்வெட்டியல் என்பது தமிழகத்தின் மிகப் பழைய எழுத்துப் பொறிப்புகளைப் படித்து, அவற்றின் மொழி, பொருள், காலம் ஆகியவற்றை ஆராயும் துறையாகும். வட ஐரோப்பாவின் பழைய ரூன் எழுத்துப் பொறிப்புகளை ஆராயும் ரூனியலுடன் இது ஒப்பிடத்தக்கது. இரு துறைகளிலும் சான்றுகள் பெரும்பாலும் மிகச் சிறியவை. ஆகவே ஓர் எழுத்தின் ஒலிப்பு மாறினால் பொருளே மாறிவிடும்.

ஆய்வு வரலாறு

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குகைத்தளக் கல்வெட்டுகளை 1882 இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். இவற்றில் பிராகிருதத்திற்கு வேண்டாத ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளுக்குத் தனி எழுத்துகள் உள்ளதைக் கொண்டு, இவற்றின் மொழி தமிழே என 1924 இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் விளக்கினார். 1965 இல் ஐராவதம் மகாதேவன், கரூர் அருகேயுள்ள புகளூர்க் கல்வெட்டில் மூன்று தலைமுறைச் சேர மன்னர்களின் பெயர்களைப் படித்தார். இதனால் சங்க இலக்கிய மன்னர்களுக்குக் கல்வெட்டுச் சான்று கிடைத்தது.

எழுத்து முறை

அசோகர் பிராமியில் குறியில்லாத மெய்யெழுத்து அகரம் ஏறிய உயிர்மெய்யாகும். பக்கக் கோடு இட்டால் அது நெடிலாகும். தமிழ்ப் பிராமியிலோ மூன்று முறைகள் காணப்படுகின்றன.

* முதல் முறை: குறியில்லாத எழுத்து மெய்யைக் குறிக்கும். பக்கக் கோடு அகரம், ஆகாரம் இரண்டையும் குறிக்கும்.
* இரண்டாம் முறை: குறியில்லாத எழுத்து மெய்யாகவோ அகர உயிர்மெய்யாகவோ இருக்கலாம். கோடு ஆகாரத்தை மட்டும் குறிக்கும்.
* மூன்றாம் முறை: மெய்யெழுத்து புள்ளி பெறும். தொல்காப்பியம் கூறுவது இம்முறையே.

எடுத்துக்காட்டாக, முதல் முறையில் எழுதிய 'மகன்' என்னும் சொல்லை அசோகர் முறைப்படி படித்தால் 'மாகான' என்றாகும். தொடக்கக் கால வாசிப்புகள் பொருளற்றுத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மட்பாண்டப் பொறிப்புகள்

அரிக்கமேடு, கொடுமணல், கீழடி ஆகிய இடங்களில் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அப்பால், திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டறைப்பெரும்புதூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2015-16 இல் நடத்திய அகழாய்விலும் இத்தகைய ஓடுகள் கிடைத்தன. எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலும் இவை காணப்படுகின்றன. குகைகளில் துறவியருக்கு அளித்த கொடைகளே பெரிதும் பதிவாகியிருக்க, பானை ஓடுகளில் சாதாரண மக்களின் பெயர்கள் உள்ளன. எழுத்தறிவு அரசவைக்கும் பள்ளிக்கும் வெளியேயும் பரவியிருந்ததை இது காட்டுகிறது.

காலம்

மகாதேவன் மாங்குளம் கல்வெட்டுகளைக் கி.மு. 2 ஆம் நூற்றாண்டினவாகக் கொண்டார். பொருந்தலில் எழுத்துப் பொறித்த பொருளுடன் கிடைத்த நெல்லின் கரிமக் கணிப்பு ஏறத்தாழ கி.மு. 490 எனக் காட்டியது. கீழடியின் எழுத்துப் பொறித்த ஓடுகள் கி.மு. 6 ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை எனத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 இல் அறிவித்தது. நெல்லின் வயதையோ மண்ணடுக்கின் வயதையோ எழுத்தின் வயதாகக் கொள்ளலாமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தமிழ் எழுத்து அசோகருக்கு முற்பட்டதா என்னும் வினாவுக்கான விடை இதனைப் பொறுத்தே அமையும்.