செம்பனையை வானிலிருந்து பார்ப்பது யார், பணம் தருவது யார்?

மலேசியாவின் கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களை ஐரோப்பாவின் சென்டினல்-2 துணைக்கோளங்கள் சில நாளுக்கு ஒருமுறை 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து படம் பிடிக்கின்றன. படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அப்படிப் பார்த்தால் ஒரு ஹெக்டேருக்கு 100 புள்ளிகள். ஹெக்டேருக்குச் சுமார் 136 முதல் 148 செம்பனை நடுவது வழக்கம் என்பதால், ஒரு புள்ளிக்கு ஒன்றரை மரம்கூட விழாது. மேகம் மறைத்தாலும் தப்ப முடியாது. சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனை எண்ணெயையும் ரப்பரையும் தன் சந்தையில் விற்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் இயற்றியது. விளைந்த நிலம் எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தில் துல்லியமாகக் காட்டியாக வேண்டும். அமலாக்கத் தேதி தள்ளிப்போனதே தவிர, சட்டம் கைவிடப்படவில்லை. காடு எந்த ஆண்டில் அழிந்தது என்ற வழக்கில் பழைய துணைக்கோளப் படம்தான் முக்கிய சாட்சி.

அந்தச் சாட்சியை வைத்திருப்பவர்கள் யார்?

நாட்டுக்கு ஒரு வாக்கு

இத்துணைக்கோளங்களை உருவாக்கியது ஐரோப்பிய விண்வெளி நிறுவனம். 1975 மே 30-ஆம் நாள் பாரிசில் 10 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பிறந்தது. 2025 ஜனவரியில் சுலோவேனியா சேர்ந்ததும் உறுப்பு நாடுகள் 23 ஆயின. பலரும் நினைப்பதுபோல் இது ஐரோப்பிய ஒன்றியத்தின் துறை அல்ல. ஒன்றியத்தில் இல்லாத பிரிட்டன், சுவிட்சர்லாந்து, நார்வே ஆகியவையும் இதன் உறுப்பினர்கள்.

முடிவெடுப்பது ஆட்சிமன்றம். அங்கே ஜெர்மனிக்கும் ஒரு வாக்கு, குட்டி நாடான லக்சம்பர்க்குக்கும் ஒரு வாக்கு. அன்றாட நிர்வாகம் தலைமை இயக்குநர் கையில். 2021 முதல் அப்பொறுப்பில் இருப்பவர் ஆஸ்திரியாவின் யோசப் அஷ்பாகர். தலைமையகம் பாரிசில், துணைக்கோளச் சோதனை நெதர்லாந்தின் நோர்ட்வைக்கில், கட்டுப்பாட்டு மையம் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில், புவி கண்காணிப்பு மையம் இத்தாலியின் பிராஸ்காட்டியில். ராக்கெட்டு ஏவுவது தென்னமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவின் கூரூவில்.

வரியும் உபயமும்

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எல்லாக் குடும்பமும் கொடுக்கும் வரி உண்டு. விருப்பப்பட்டவர் ஏற்கும் உபயமும் உண்டு. இந்த நிறுவனத்தின் கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான். அறிவியல் ஆய்வுக்கும் பொது நிர்வாகத்துக்கும் ஒவ்வொரு நாடும் தன் தேசிய வருமானத்துக்கு ஏற்பக் கட்டாயப் பங்கு தர வேண்டும். ராக்கெட்டு, புவி கண்காணிப்பு, விண்வெளி வீரர் பயணம் போன்றவற்றில் எதற்கு, எவ்வளவு என்பது அந்தந்த நாட்டின் விருப்பம்.

சுமார் மூன்றாண்டுக்கு ஒருமுறை அமைச்சர்கள் கூடிப் பணத்தை உறுதி செய்கிறார்கள். 2025 நவம்பரில் ஜெர்மனியின் பிரேமன் நகரில் கூடியபோது 2,210 கோடி யூரோ ஒப்புக்கொள்ளப்பட்டது. கொடுக்கும் பணம் வீணாகப் போவதில்லை. ஒரு நாடு எவ்வளவு போடுகிறதோ, ஏறக்குறைய அதற்கு ஈடான குத்தகைப் பணிகள் அந்நாட்டு நிறுவனங்களுக்கே திரும்ப வரும். திறமைக்கு வேலை தராமல் கொடிக்கு வேலை தருகிறார்கள், செலவு கூடுகிறது என்பது இதன்மீதான குறை. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எந்த நாடாளுமன்றம் பணம் ஒதுக்கும் என்பது ஆதரவாளர் பதில்.

சென்டினல் அடங்கிய கோப்பர்னிக்கஸ் திட்டத்தின் உரிமை மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்திடம் இருக்கிறது. பெரும்பங்கு பணம் ஒன்றியத்தினுடையது. துணைக்கோளங்களை உருவாக்கித் தருவது விண்வெளி நிறுவனத்தின் வேலை. படங்கள் உலகில் எவருக்கும் இலவசம்.

நம் நிலை

மலேசிய விண்வெளி நிறுவனம் (மைசா) 2019-இல் தேசிய விண்வெளி நிறுவனத்தையும் தொலையுணர்வு நிறுவனத்தையும் இணைத்து உருவானது. அறிவியல் அமைச்சின் கீழ் இயங்கும் இதற்கு ஒரே அரசாங்கம்தான் பணம் தர வேண்டும். ஆசியானுக்கு விண்வெளித் தொழில்நுட்பத் துணைக்குழு உண்டு. ஐரோப்பாவில் இருப்பதுபோல் கூட்டு நிறுவனம் இல்லை. சிலாங்கூரில் ராஜா மூசாவின் கரிச்சதுப்புக் காடு எரிந்தாலும் சுமத்ரா எரிந்தாலும் புகைமூட்டம் எல்லை பார்ப்பதில்லை. கட்டாயப் பங்கைச் சிறிதாக வைத்து, மற்றதை விருப்பத்துக்கு விடும் ஐரோப்பிய முறை ஆசியானுக்கும் பொருந்தும்.

இன்றைக்குப் படம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. எதைப் படம் பிடிப்பது, எவ்வளவு காலம் பிடிப்பது என்று தீர்மானிப்பதில் நமக்கு வாக்கு இல்லை. அந்த நிலை மாறும்வரை, கிடைப்பதைப் பயன்படுத்தத் தெரிந்துகொள்வதே புத்திசாலித்தனம். கோப்பர்னிக்கஸ் இணையத்தளத்தில் பெயர் பதிந்தால் 2015 முதலான சென்டினல்-2 படங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். சிறுதோட்டக்காரர்களும் நம் இடைநிலைப்பள்ளி மாணவர்களும் அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் நிலத்தைப் பற்றி வெளியார் கேள்வி கேட்கும் முன்பே, அதன் பத்தாண்டுப் படம் உங்கள் கையில் இருக்கட்டும்.