அசையாத பீடமும் பிழையாத அளவும்

பழவேற்காட்டு ஏரியில் ஆடும் படகில் நின்று கரையிலுள்ள விளக்கை நோக்குவோருக்கு விளக்கே ஆடுவதுபோலத் தோன்றும். ஆடுவது விளக்கன்று, நோக்குபவர் நிற்கும் இடமே. ஒளியை அளக்கும் கருவிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். கருவி எத்துணை உயர்ந்ததாயினும், அதனைத் தாங்கும் பீடம் அசையுமானால் அளவு பொய்த்துவிடும்.

இதனை முன்னோர் நன்கறிந்திருந்தனர். அனுப்பம்பட்டிலிருந்து ரயிலேறினால் சென்று சேரும் சென்னை மாநகரில், நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில், 1792 என ஆண்டு பொறித்த கருங்கல் தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. பழைய வானாய்வகத்தின் தொலைநோக்கியைச் சுமந்த தூண் அது. 1899-இல் வானாய்வுப் பணியின் முக்கிய பகுதி கொடைக்கானலுக்கு மாறியது.

அங்கே 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்னும் விஞ்ஞானி சூரியப் புள்ளிகளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படம் பிடித்தார். நிறமாலையின் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் காணப்படும். ஒளிதரும் வாயு நம்மை நோக்கி வந்தால் அவை ஊதாப் பக்கமும், விலகிச் சென்றால் சிவப்புப் பக்கமும் நகரும். விநாடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்படும் நகர்வு, அலைநீளத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கே. கருவி சற்று நழுவினாலும் இத்தகைய பொய்யான நகர்வு தோன்றிவிடும். ஆனால் கருவி நழுவினால் கோடுகள் யாவும் ஒரே பக்கம் நகரும். அவர் கண்டதோ புள்ளியின் ஒரு புறத்தில் சிவப்பை நோக்கியும், மறுபுறத்தில் ஊதாவை நோக்கியும் நகர்ந்த கோடுகள். ஆகவே வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறதென அவர் நிறுவினார். அது இன்று எவர்ஷெட் விளைவு என வழங்குகிறது.

1960-ஐ ஒட்டிக் கொடைக்கானலில் சுரங்கத் தொலைநோக்கி அமைந்தது. 11 மீட்டர் கோபுரத்தின் மேலுள்ள கண்ணாடி, சூரியனைத் தொடர்ந்து மெல்லத் திரும்பி, ஒளியை 60 மீட்டர் நீளமுள்ள நிலத்தடிச் சுரங்கத்துள் அனுப்புகிறது. கனமான நிறமாலைக் கருவியோ நகர்வதில்லை. நிலத்தடியில் வெப்பம் அதிகம் ஏறி இறங்காமையால், உலோகம் நீண்டு சுருங்கும் தொல்லையும் குறைகிறது. திரும்ப வேண்டியதைத் திருப்பி, நிற்க வேண்டியதை நிறுத்தி வைத்ததே இவ்வமைப்பின் சிறப்பு.

குழித்தறியின் கால்கள் உறுதியாக ஊன்றப்படாவிடில் ஊடை சீராக விழாதென்பதை நெசவாளருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. இன்று சாயச்சாலைகளில் நூலின் நிறத்தை அளக்கும் கருவிகளும் ஒளியைப் பிரித்தே அளக்கின்றன. நிறம் மாதிரியோடு ஒவ்வவில்லையெனச் சரக்குத் திரும்பினால், நஷ்டம் நெய்தவர் தலையில் விழும். ஆதலால் அத்தகைய கருவியை மோட்டார் ஓடும் மேசையிலும் வெயில் படும் ஜன்னலோரத்திலும் வைத்தல் ஆகாது. கனமான தனிப் பீடத்தில் அமர்த்தி, உடன் வரும் வெள்ளைத் தகட்டை அளந்து சரிபார்த்த பின்னரே நூலை அளத்தல் வேண்டும். முடிவில் ஐயம் எழுந்தால், நூலைக் குறை கூறுமுன் அத்தகட்டை மீண்டும் ஒருமுறை அளந்து பார்ப்பது நியாயம்.