வீட்டுத் தரைக்கு வண்ண கான்கிரீட்: நிறத்தைத் தேர்வு செய்யும் முன் யோசிக்க வேண்டியவை



நம் குடும்பங்களில் வீடு கட்டும்போது தரை வேலை கடைசியில்தான் வரும். அதற்குள் போட்ட கணக்கெல்லாம் தாண்டி, கையில் இருந்த காசு கரைந்திருக்கும். வீட்டுக்காரர் பெரும்பாலும் வளைகுடாவில் இருப்பார். கொத்தனார் அனுப்பும் நாலைந்து படங்களை இரவு வேலை முடிந்து வந்து வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கு, இதையே போடச் சொல்லு" என்பார். அவர் அந்தத் தரையில் நடப்பது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் விடுமுறையில்தான். தினமும் நடப்பவர்கள் வயதான உம்மாவும், மனைவியும், பிள்ளைகளும்.

இன்று டைல்ஸுக்கும் மார்பிளுக்கும் பதிலாக வண்ண கான்கிரீட் தரையைப் பலர் விரும்புகிறார்கள். முறையாகப் போட்டால் பல பத்தாண்டுகள் உழைக்கும். தவறாகப் போட்டால் பெயர்த்து எடுப்பதும் சிரமம், சகித்துக்கொண்டு வாழ்வதும் சிரமம். ஆகவே எந்த நிறம், எந்த டிசைன் என்று கேட்பதற்கு முன்னால், அந்த இடத்தில் யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும் என்பதையே இந்தக் கட்டுரையில் வலியுறுத்துகிறோம்.

இது நமக்குப் புதிதல்ல

வண்ண கான்கிரீட் என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பாட்டி வீட்டுக் கூடத்தில் கண்ணாடிபோல் பளபளத்த சிவப்புக் காவித் தரை அந்த வகைதான். சிமெண்டுடன் ரெட் ஆக்ஸைடு கலந்து, கரணையால் அழுத்தி அழுத்தித் தேய்த்து, தண்ணீர் கட்டி வைத்து உருவாக்கியது அது. காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் செய்யப்படும் பூக்கல்லும் சிமெண்டு, மணல், வண்ணப் பொடியால் ஆனதே. அதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் சிமெண்டுக் கலவை இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள்.

இப்போது இவற்றுடன் வேறு சில வகைகளும் வந்திருக்கின்றன. ஈரக் கான்கிரீட்டின் மேல் ரப்பர் அச்சை அழுத்தி, கல் பதித்ததுபோலவோ மரப்பலகை போலவோ காட்டுவது ஸ்டாம்ப்டு கான்கிரீட். இறுகிய கான்கிரீட்டை எந்திரத்தால் தேய்த்து மெருகேற்றுவது பாலிஷ்டு கான்கிரீட். மேல்பூச்சைக் கழுவி எடுத்து உள்ளிருக்கும் சின்னக் கற்களை வெளியே தெரியவிடுவது ஒருவகை. ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் மெல்லிய கோடு இழுத்து விடுவது இன்னொரு வகை. இதுவே மிக எளியது, செலவும் குறைவு. பழைய மொசைக் தரையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஒளூ செய்யும் இடம்

வீட்டில் மிக அதிகமாக நனையும் தரை எது? ஒரு நாளைக்கு ஐந்து வேளை, வீட்டில் ஆறு பேர் என்றால் முப்பது முறை தண்ணீர் விழும் இடம், நாம் ஒளூ செய்யும் இடம். ஃபஜ்ருக்குத் தூக்கக் கலக்கத்தோடு, அரை வெளிச்சத்தில், வெறும் காலோடு அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள்.

அந்த இடத்தில் பளபளப்பான தரை ஆபத்து. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பெரியவர்களை நம் தெருக்களில் நாம் பார்த்திருக்கிறோம். அதுவரை நின்று தொழுதவர்கள் அதன்பிறகு நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்கள். சிலர் படுக்கையை விட்டு எழுவதே இல்லை. அழகுக்காகச் செய்த ஒரு தேர்வு அவர்களின் மிச்ச வாழ்க்கையை மாற்றிவிடக் கூடாது.

ஆகவே ஒளூ இடம், குளியலறை, துணி துவைக்கும் கல்லடி ஆகிய இடங்களுக்குத் துடைப்பக் கோடு இழுத்த தரையோ, சின்னக் கற்கள் தெரியும் சொரசொரப்பான தரையோதான் பொருத்தம். அதன் மேல் காப்புப் பூச்சு அடிப்பதானால், வழுக்காமல் இருக்க அதற்கென்று விற்கும் நுண்பொடியைக் கலந்து அடிக்கச் சொல்லுங்கள். வெறும் பளபளப்புப் பூச்சு, சொரசொரப்பான தரையையும் வழுக்கலாக்கிவிடும். தண்ணீர் தேங்காமல் ஓட, 8 அடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு வேண்டும். மேலே நிறம் எதுவானாலும் சரி, இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தொழும் இடம்

கோடுகளும் வேலைப்பாடும் கொண்ட ஓர் ஆடையை அணிந்து நபி (ஸல்) அவர்கள் தொழுதார்கள். அது தமது கவனத்தை ஈர்த்தது என்பதற்காக, தொழுது முடித்ததும் அதை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்துவிட்டு, அவரிடமிருந்து வேலைப்பாடு இல்லாத ஆடையை வாங்கி வரச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இந்தச் செய்தி இடம்பெற்றுள்ளது. நாம் ஸஜ்தா செய்யும் தரையைத் தேர்வு செய்யும்போது இது நினைவில் இருக்கட்டும்.

வீட்டில் தொழுகைக்கென்று ஒதுக்கும் அறையிலோ மூலையிலோ ஒரே நிறத்தில், டிசைன் இல்லாத தரை போதும். மங்கலான மஞ்சள், சாம்பல், வெளிர் காவி போன்றவை கண்ணுக்கு அமைதி தரும். முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றினால் ருகூஃவில் நம் நிழலையே நாம் பார்த்துக்கொண்டிருப்போம்.

இன்னொரு விஷயம். தமிழகத்தில் கிப்லா நேர் மேற்கு அல்ல. சென்னையில் மேற்கிலிருந்து வடக்காகச் சுமார் 18 டிகிரியும், காயல்பட்டினம் போன்ற தென்கோடி ஊர்களில் சுமார் 24 டிகிரியும் சாய்ந்திருக்கும். சுவர்கள் நேர் கிழக்கு மேற்காக இருக்கும் வீட்டில், சுவருக்கு இணையாகத் தரையில் கட்டம் போட்டால், வருகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்தே நின்றுவிடுவார்கள். தரை ஈரமாக இருக்கும்போதே ஸஃப்புக்கான ஒரு மெல்லிய கோட்டைக் கிப்லாவுக்கு ஏற்ற சாய்வில் இழுத்துவிட்டால், பிள்ளைகளும் விருந்தாளிகளும் கேட்காமலே சரியாக நிற்பார்கள். இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.

கூடமும் சமையலறையும்

நம் வீட்டுக் கூடத்தில்தான் நிக்காஹ் விருந்துக்குப் பாய் விரிக்கிறோம், சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஜனாஸாவைக் கிடத்துவதும் அங்கேதான். தரையில் உட்காரும் பழக்கம் உள்ள குடும்பங்களுக்கு வழவழப்பான காவித் தரை மிகப் பொருத்தம். வெயில் காலத்தில் குளிர்ச்சியாக இருக்கும். புழங்கப் புழங்க மெருகும் கூடும். கல் பதித்ததுபோல் மேடு பள்ளமாக இருக்கும் ஸ்டாம்ப்டு கான்கிரீட் கூடத்துக்கு வேண்டாம். உட்கார்ந்தால் உறுத்தும், பள்ளங்களில் சோற்றுப் பருக்கையும் தூசியும் தங்கும்.

சமையலறையில் கவனிக்க வேண்டியது புளிப்பு. சிமெண்டு தரையை அமிலம் அரிக்கும். எலுமிச்சைச் சாறும், புளிக்கரைசலும், வினிகரும் சிந்தி அப்படியே கிடந்தால் அந்த இடம் மங்கிப்போகும். மஞ்சள் தூளும், பெருநாள் இரவில் சிந்தும் மருதாணியும் கறையாக நிற்கும். எனவே சமையலறைக்கு நடுத்தரமான நிறமும், நல்ல காப்புப் பூச்சும் அவசியம். கழிப்பறை கழுவும் ஆசிட்டை எந்தச் சிமெண்டு தரையிலும் ஊற்றாதீர்கள். சோப்புத் தண்ணீரே போதும்.

வாசல், முற்றம், மொட்டை மாடி

ஸ்டாம்ப்டு கான்கிரீட்டுக்கு ஏற்ற இடம் வாசலும் வண்டி நிறுத்தும் இடமும்தான். அங்கும் கறுப்பு, அடர் சிவப்பு போன்ற நிறங்கள் வெயிலை உறிஞ்சிச் சுடும். லுஹர் நேரத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. மாடியில் என்றால் கீழ் அறையும் சூடாகும். வெளிர் நிறமே நல்லது.

வாசல் முழுவதையும் கான்கிரீட்டால் மூடிவிட வேண்டாம். மழைநீர் இறங்க ஓரத்தில் மண்ணை விடுங்கள். நம் வீட்டுத் தண்ணீர் அண்டை வீட்டு வாசலுக்கு ஓடாதபடி சரிவைத் திருப்புவது, அண்டை வீட்டாருக்கு நாம் செய்ய வேண்டிய கடமைகளில் சேரும்.

நிறத்தில் ஏமாறாமல் இருக்க

சிவப்பு, மஞ்சள், பழுப்பு, கறுப்பு ஆகிய நிறங்கள் இரும்பு ஆக்ஸைடிலிருந்து கிடைப்பவை. வெயிலுக்கும் சிமெண்டிலுள்ள காரத்துக்கும் அவை வெளுக்காது. சுவருக்குச் சுண்ணாம்போடு கலக்கும் மலிவான வண்ணப் பொடிகளைத் தரைக்குப் பயன்படுத்தினால் சீக்கிரம் வெளுத்துவிடும். வெளிர் நிறங்களும், பச்சை, நீலம் போன்றவையும் தெளிவாக வர வேண்டுமானால் வெள்ளைச் சிமெண்டு தேவை. சாதாரணச் சிமெண்டின் சாம்பல் நிறம் அவற்றை மங்கலாக்கிவிடும்.

வண்ணப் பொடியின் அளவு, சிமெண்டின் எடையில் நூற்றுக்கு 3 முதல் 6 வரை இருந்தால் பெரும்பாலும் போதும். அதாவது 50 கிலோ மூட்டைக்கு ஒன்றரை முதல் மூன்று கிலோ. நூற்றுக்கு 10-ஐத் தாண்டினால் நிறம் கூடாது, தரையின் பலம்தான் குறையும். கைப்பிடிக் கணக்கில் போடவிடாமல் தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு கலவைக்கு ஓர் அளவு, அடுத்ததற்கு வேறு அளவு என்று போனால் தரை திட்டுத்திட்டாகத் தெரியும். தண்ணீர் கூடினாலும் நிறம் வெளுக்கும். சிமெண்டும் மணலும் கடைசிவரை ஒரே வகையாக இருக்கட்டும்.

கைபேசித் திரையில் தெரியும் நிறத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். வீட்டின் பின்புறத்தில் 2 அடிக்கு 2 அடி மாதிரி ஒன்று போடச் சொல்லுங்கள். ஈரக் கான்கிரீட் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். அதனால் சில வாரம் கழித்துப் பாருங்கள். காலையிலும் மாலையிலும் பாருங்கள். தண்ணீர் ஊற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு கால் வைத்துப் பாருங்கள். முக்கியமாக, உம்மாவிடமும் மனைவியிடமும் கருத்துக் கேளுங்கள்.

டிசைனில் கவனம்

மயில், மீன், அன்னம் போன்ற உயிரினங்களின் உருவம் உள்ள அச்சுகளைத் தவிர்ப்போம். கொடி, இலை, நட்சத்திரம், எண்கோணம் என்று நமக்கு எவ்வளவோ வடிவங்கள் உள்ளன. கால் படும் இடத்தில் அரபு எழுத்துகளோ, அவற்றைப் போன்ற அலங்காரமோ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறிய அறைக்குப் பெரிய டிசைன் பொருந்தாது. ஓரத்தில் மட்டும் ஒரு கரை, நடுவில் ஒரே நிறம் என்ற பழைய முறை இன்றும் அழகாகவே இருக்கிறது.

விரிசலும் தண்ணீரும்

கான்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கினால் விரிசல் விழும். அதைத் தடுக்க முடியாது, ஆனால் அது எங்கே விழ வேண்டும் என்று நாம் தீர்மானிக்கலாம். 4 அங்குலக் கனமுள்ள வெளித் தரையில் 8 முதல் 12 அடிக்கு ஒருமுறை, ஓர் அங்குல ஆழத்துக்கு வெட்டு விட்டால் விரிசல் அந்தக் கோட்டுக்குள் மறைந்துவிடும். அந்தக் கோட்டையே டிசைனின் பகுதியாக அமைத்துக்கொள்ளலாம்.

தரை போட்ட பிறகு குறைந்தது 7 நாட்கள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். ஈரச் சாக்கைப் போட்டு வைப்பதானால் ஒரே சீராகப் போட வேண்டும். பாதி நனைந்து பாதி காய்ந்தால் வண்ணத் தரையில் திட்டு விழும். கடலோர ஊர்களில் உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். அதனால் கலக்கவும் நனைக்கவும் நல்ல தண்ணீர் வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். வெளித் தரையின் காப்புப் பூச்சை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் எழுதுங்கள்.

கொத்தனாரிடம் முன்பு போட்ட வேலை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். போட்டு இரண்டு மழைக்காலம் கடந்த தரையாக இருந்தால் நல்லது. கலவை அளவு, வெட்டு, சரிவு, நீராற்றும் நாட்கள், கூலி எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி நம் மார்க்கம் கற்றுத் தந்திருக்கிறது.

எங்கே நிறுத்துவது?

அழகான வீட்டை விரும்புவதில் தவறில்லை. ஆனால் பக்கத்து வீட்டைவிடப் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று கடன் வாங்கிப் போடும் தரை வீண்விரயத்தில் சேரும். வீண்விரயம் செய்வோரை அல்குர்ஆன் 17-வது அத்தியாயம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம். பாலைவன வெயிலில் ஒருவர் உழைத்து அனுப்பிய காசு அது. பணம் குறைவாக இருந்தால் முதலில் ஒளூ இடத்தையும் குளியலறையையும் சரியாகப் போடுங்கள், அடுத்துக் கூடத்துக்கு எளிய காவித் தரை. வாசல் அலங்காரம் காத்திருக்கட்டும்.

நம் வீடுகளை அமைதியும் பரக்கத்தும் நிறைந்தவையாகவும், நம் பெரியவர்கள் கடைசிவரை தம் கால்களால் நின்று தொழும் இடங்களாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.