பறவைக்கு எத்தனை கிலோ லென்ஸ்?

பறவைகளைப் படமெடுக்க லென்ஸ் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை எம்.எம்.?’ என்பதாகத்தான் இருக்கும். அடுத்தது அப்பர்ச்சர், அதற்கடுத்தது விலை. எடையைப் பற்றிய பேச்சு, பணம் கட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கும்போதுதான் வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. ஒரு காலைப்பொழுது முழுக்க எவ்வளவு எடையைச் சுமந்து நடக்க முடியும், நினைத்த நொடியில் அதைக் கண்ணுக்கு உயர்த்த முடியுமா என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். அந்த எடைக்குள் கிடைக்கிற மிக நீளமான லென்ஸை வாங்கினால் போதும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இந்த யோசனை அனுபவஸ்தர்களிடம் எடுபட்டிருக்காது. அவர்களுடைய மறுப்பில் அன்று நியாயமும் இருந்தது. அந்த நியாயத்தின் பெரும்பகுதி இப்போது காலாவதியாகிவிட்டது.

நீளத்தின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். பறவையின் அளவை லென்ஸின் குவியத்தூரத்தால் பெருக்கி, நமக்கும் பறவைக்கும் உள்ள இடைவெளியால் வகுத்தால் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவு கிடைத்துவிடும். 15 செ.மீ. நீளமுள்ள சிட்டுக்குருவி 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால், 500 எம்.எம். லென்ஸ் அதை 7.5 மி.மீ. அளவில் பதிக்கும். 600 எம்.எம். என்றால் 9 மி.மீ. ஆக, 500-லிருந்து 600-க்குப் போவதும், 12 மீட்டரில் இருந்த குருவி 10 மீட்டருக்கு வந்து உட்காருவதும் ஒன்றுதான். இந்த இரண்டு மீட்டருக்காகத்தான் பலர் வீட்டுக் கடனுக்கு நிகரான தொகையைக் கணக்குப் போடுகிறார்கள். அதற்காக நீளமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 400-க்கும் 600-க்கும் இடையே பிம்பத்தின் பரப்பு இரண்டேகால் மடங்கு கூடுகிறது; அது அலட்சியப்படுத்தக்கூடிய வித்தியாசம் இல்லை. 300 எம்.எம்.மை வைத்துக்கொண்டு தேன்சிட்டின் பின்னால் ஓடுவது வீண் வேலை. சென்சாரும் இதில் பாதி வேலை செய்கிறது. கேனான் ஆர்7 போன்ற 32.5 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் 500 எம்.எம். லென்ஸை மாட்டினால், பறவையின் மேல் விழும் பிக்சல்களின் எண்ணிக்கை 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஏறக்குறைய 680 எம்.எம். லென்ஸ் தருவதற்குச் சமம்.

எடை ஏறுவது நீளத்தால் மட்டும் இல்லை, அப்பர்ச்சரால்தான் அதிகம் ஏறுகிறது. எஃப்/4 என்றால் குவியத்தூரத்தில் நான்கில் ஒரு பங்கு அகலமுள்ள திறப்பு. 600 எம்.எம். லென்ஸுக்கு அது 150 மி.மீ. அதே நீளத்தில் எஃப்/6.3 என்றால் 95 மி.மீ. போதும். கண்ணாடியின் விட்டம் கூடும்போது அதன் தடிமனும் சேர்ந்து கூடுவதால் எடை தாறுமாறாக எகிறுகிறது. தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. கேனானின் 1999-ஆம் ஆண்டு 600 எம்.எம். எஃப்/4 லென்ஸ் 5.36 கிலோ. அடுத்த பதிப்பு 3.92 கிலோ, 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பு 3.05 கிலோ. ஒளித்தரத்தில் ஏற்கெனவே குறை சொல்ல இடமில்லாத ஒரு லென்ஸில் இருபது ஆண்டுகளாக அவர்கள் முதன்மையாகக் குறைத்துக்கொண்டே வந்தது எடையைத்தான். நிக்கான் வேறு வழியில் போனது. ஃபேஸ் ஃப்ரெனல் என்ற தனிவகை கண்ணாடி உறுப்பைக் கொண்டு 2018-இல் 500 எம்.எம். எஃப்/5.6 லென்ஸை 1.46 கிலோவுக்குள் அடக்கியது. 2023-இல் 600 எம்.எம். எஃப்/6.3 லென்ஸும் ஒன்றரைக் கிலோவுக்குள் வந்துவிட்டது.

அப்படியானால் எஃப்/4-க்கு இத்தனை மரியாதை எப்படி வந்தது? காரணம் டிஎஸ்எல்ஆர் கேமராவின் உள்ளமைப்பில் இருக்கிறது. அதன் ஆட்டோஃபோகஸ் உணரிகளுக்கு ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலான கேமராக்களில் எஃப்/5.6, உயர்ரகக் கேமராக்களில் எஃப்/8. அதைத் தாண்டினால் ஃபோகஸ் தடுமாறும், வேலையையே நிறுத்திவிடவும் செய்யும். 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் ஒளியையும், 2 மடங்கு கன்வர்ட்டர் இரண்டு ஸ்டாப்பையும் தின்றுவிடும். எஃப்/4 லென்ஸில்தான் இந்த நட்டத்தைத் தாங்க இடமிருந்தது. ஒளி குறைந்தால் வியூஃபைண்டரும் மங்கிப்போகும். மிரர்லெஸ் கேமராக்கள் சென்சாரிலேயே ஃபோகஸ் செய்வதால் இந்த வரம்பு உடைந்தது. 2020-இல் கேனான் 800 எம்.எம். லென்ஸ் ஒன்றை எஃப்/11 என்ற நிலையான அப்பர்ச்சரோடு விற்பனைக்குக் கொண்டுவந்தபோது பலர் சிரித்தார்கள். அந்த லென்ஸில் ஆட்டோஃபோகஸ் இயங்குகிறது, எடையோ 1.26 கிலோதான். டிஎஸ்எல்ஆர் காலத்தில் அப்படியொரு லென்ஸைக் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது.

எஃப்/4 ஆதரவாளர்களின் வலுவான வாதம் வெளிச்சம் பற்றியது. எஃப்/6.3-ஐ விட எஃப்/4 இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். ஒன்று ஐஎஸ்ஓ 1600-இல் எடுக்கும் படத்துக்கு மற்றதில் ஐஎஸ்ஓ 4000 வேண்டும். உண்மைதான். ஆனால் ஐஎஸ்ஓ 4000 இன்று பயமுறுத்தும் எண் இல்லை; இரைச்சலை நீக்கும் மென்பொருள்கள் அந்த இடைவெளியைப் பெரிதும் அடைத்துவிட்டன. ஆனைமலையில் சோலைக்காட்டு நிழலில், விடிந்தும் விடியாத நேரத்தில் சிறு பறவைகளைத் தேடுகிறவருக்கு மட்டும் இந்தப் பதில் போதாது. ஒரே இடத்தில் மறைவாக அமர்ந்து, டிரைபாட் போட்டு, மணிக்கணக்கில் காத்திருப்பவருக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. பணமும் இருந்தால் அவர் எஃப்/4-ஐயே வாங்கட்டும். பத்து லட்சத்தைத் தாண்டும் விலையில் அதற்கு நியாயம் செய்யக்கூடியவர் அவர்தான். பின்புலம் வெண்ணெயாகக் கரைவதற்காக எஃப்/4 வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு குறைவு. 600 எம்.எம். எஃப்/4-இல் 10 மீட்டர் தூரத்துக்குத் தெளிவின் ஆழம் ஏறக்குறைய 7 செ.மீ.தான். நீள அலகுள்ள பறவை சற்றே திரும்பி நின்றால் கண் தெளிவாகவும் அலகு நுனி மங்கலாகவும் விழும். எஃப்/8-க்குக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பின்புலம் கரைவதற்கு, பறவைக்கும் அதன் பின்னாலுள்ள புதருக்கும் இடையே தூரம் இருக்குமாறு நாம் நிற்கும் இடத்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்று, காற்று. தூத்துக்குடி உப்பளங்களிலும் கோடியக்கரைச் சதுப்பிலும் பூநாரைகள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் நிற்கும். அங்கே போகிறவர்களுக்குத்தான் 800 எம்.எம். ஆசை அதிகம். வெயில் ஏறியதும் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து நெளிகின்றன. ஒளி வளைந்து வளைந்து வருகிறது. நீளமான லென்ஸ் பறவையைப் பெரிதாக்கும் அதே அளவுக்கு இந்த நெளிவையும் பெரிதாக்கும். எத்தனை லட்சம் கொட்டினாலும் கானலைத் துடைக்கிற கண்ணாடி கிடையாது. (ஏசி ஓடும் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படமெடுப்பவர்கள் ஜன்னலோரத்திலேயே இந்தக் கலவையை உண்டாக்கிக்கொண்டு, லென்ஸ் சரியில்லை என்று புலம்புவதும் உண்டு.) இதற்கு மருந்து நேரமும் நெருக்கமும்தான். விடியற்காலையில் போய்ச் சேர வேண்டும். வரப்போரமாக நடந்து, தாழ்ந்து அமர்ந்து, பறவை தானாக அருகே வரும்வரை இருக்க வேண்டும். இரண்டுக்கும் கனமான லென்ஸ் ஒத்துழைக்காது.

நெருங்கிப் போனால் பறவைகளைத் தொந்தரவு செய்வதாகாதா, நீள லென்ஸ்தானே பறவைக்கு நல்லது என்று கேட்கலாம். கேள்வி சரியானது, முடிவு சரியில்லை. பறவையை மிரளவைப்பது நாம் அதை நோக்கி நடப்பது; 800 எம்.எம். வைத்திருப்பவரும் படச்சட்டம் நிறையவில்லை என்றால் இன்னும் நான்கடி முன்னே வைக்கத்தான் செய்கிறார். கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே, வீடுகளுக்கு நடுவிலுள்ள மரங்களில் கூடு கட்டுகின்றன. மனிதர்கள் அருகில் இருப்பதை அவை பொருட்படுத்துவதில்லை. அங்கே ஜூம் இல்லாத 600 எம்.எம். லென்ஸோடு நிற்பவர் பறவையின் தலையை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். கூட்டருகே கூடாரம் போடுவது, ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டு அழைப்பது போன்றவை லென்ஸின் நீளத்தோடு தொடர்பில்லாத தவறுகள்.

பெரும்பாலோருக்கு நான் சொல்வது, இரண்டு கிலோவைச் சுற்றிய ஜூம் அல்லது ஒன்றரைக் கிலோவைச் சுற்றிய பிரைம். சோனியின் 200-600, நிக்கானின் 180-600 இரண்டும் முதல் வகை. கேனானின் 100-500 எடையில் பிரைமுக்கு நிகர், 1.37 கிலோ, 500 எம்.எம்.மில் அப்பர்ச்சர் எஃப்/7.1 என்பது அதற்குக் கொடுக்கும் விலை. டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவருக்கு நிக்கானின் பழைய 200-500 எஃப்/5.6 இன்னும் நல்ல லென்ஸ்தான், 2.3 கிலோ என்பதை மறக்காவிட்டால். சென்னை போன்ற ஊர்களில் இவற்றை நாள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். வாங்குமுன் ஒருநாள் எடுத்துப் பாருங்கள். கடைக்குள் நின்று எதிர்ச்சுவரைக் குறிபார்ப்பது சோதனையாகாது. காலை ஆறு மணிக்குக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏதாவதொரு ஏரிக்கரையில் நடங்கள். கிளையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி பாயப்போகும் கணத்துக்காக லென்ஸைக் கண்ணிலேயே வைத்திருந்து பாருங்கள். ஒன்பது மணிக்குக் கை எதைச் சொல்கிறதோ அதன்படி லென்ஸை முடிவுசெய்யலாம்.