திரையின் நிறக் குற்றங்கள்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமே உடையது. 1982இல் இலங்கை ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அக்கரையில், இராமேசுவரத்தில், 1995இல் 323 மீற்றர் உயரமான தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது. கடலின்மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்குமேல் வெப்பக்காற்றும் அடுக்காக நிற்கும் நாட்களில் ஒளிபரப்பு அலைகள் வளைந்து நெடுந்தூரம் செல்லும். ஆகவே அன்ரனாவை நம்பியிருந்த கரையோர வீடுகளில் ஒருநாள் படம் பளிச்சிடும். மறுநாள் பனி பெய்யும். படத்தில் எக்குறை தோன்றினும் காற்றையே நோகும் வழக்கம் அவ்வாறு வந்ததே.

காற்றின் குற்றம் வேறு, கண்ணாடியின் குற்றம் வேறு. அலைவரிசையை மாற்றியதும் மறைவது ஒளிபரப்பின் குறை. எந்த அலைவரிசையிலும், எந்தப் படத்திலும், அதே மூலையில் அதே கறை நின்றால் அது திரையின் குறை. பழைய குழாய்த் திரைகளில் அருகிலிருந்த ஒலிபெருக்கியின் காந்தமே ஊதாவும் பச்சையுமாகக் கறை படியச் செய்ததுண்டு. பெட்டியை நகர்த்திக் காந்தம் நீக்கினால் தீர்ந்துவிடும். இன்றைய தட்டைத் திரைக்கு அத்தகைய எளிய பரிகாரம் இல்லை. ஒரு பருவத்து மீன்பிடி வருவாயைக் கொடுத்து வாங்குபவர், கடையிலேயே அதனைச் சோதித்துவிடுதல் வேண்டும்.

கடைக்காரர் காட்டுவது கிளிகளும் பூந்தோட்டமும் நிறைந்த படம். அதிலே குறை தெரியாது; பல நிறமும் அசைவும் கண்ணை ஏய்த்துவிடும். சிலாவத்துறையில் முத்துக் குளித்த காலத்தில் முத்தை வாங்கியோர் அதனை உருட்டி உருட்டிப் பார்த்தனர். திரைக்கு அதனை ஒத்த சோதனை, ஒரே நிறத்தை முழுத் திரையிலும் பரப்பிப் பார்ப்பது. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம், நடுத்தரச் சாம்பல் ஆகிய ஆறு வெறும் நிறப்படங்களை ஒரு பென் டிரைவில் கொண்டுசென்றால் போதும். பெட்டி சிறிது நேரம் ஓடிய பின், நேர் எதிரே நின்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நின்றால் நல்ல திரையும் நிறம் மாறித் தோன்றக்கூடும்.

1920க்கு 1080 என்னும் அளவுடைய திரையில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று கூறுகளால் ஆனது. வெள்ளையில் கரும்புள்ளி நின்றால் அப்புள்ளி இறந்தது. வெள்ளையில் நீலப்பச்சைப் புள்ளி நின்றால் அதன் சிவப்புக் கூறு மட்டும் எரியவில்லை. கறுப்பில் ஒளிரும் புள்ளி, அணைய மறுப்பது. மேகம்போன்ற திட்டுக்களைச் சாம்பல் நிறமே நன்கு காட்டிக்கொடுக்கும். முழு இருளில் கறுப்பைக் காட்டினால் பின்னொளி உடைய திரைகளின் மூலைகள் சற்று வெளுத்தே தோன்றும்; அதற்காக மட்டும் திருப்பிக் கொடுத்தல் மிகை. உட்காரும் தூரத்தில், வழக்கமான நிகழ்ச்சியிலும் கண்ணை உறுத்துவதே உண்மைக் குற்றம். ஓரிரு புள்ளிகளைக் குற்றமாக ஏற்காத உற்பத்தியாளரும் உண்டு. உத்தரவாத அட்டையைப் பணம் கொடுக்குமுன் வாசிப்பது நன்று.

வாங்கிய திரையைப் படுக்கவைத்துக் கொண்டுசென்றால் அழுத்தத்தால் திட்டு விழக்கூடும். நிமிர்த்தியே ஏற்ற வேண்டும். வீட்டில் உவர்க்காற்று நேரே வீசும் யன்னலுக்கு எதிரே வைத்தலாகாது. உப்பும் ஈரமும் திரை விளிம்பிலுள்ள நுண்ணிய இணைப்புக்களை அரித்தால், மேலிருந்து கீழாக நிலைத்த கோடுகள் தோன்றும். துடைக்கும் துணியில் நீர் சொட்டினால் அது கீழ்விளிம்பு வழியே உள்ளே இறங்கி அதே கேட்டை விளைக்கும். நன்கு பிழிந்த மென்துணியே தக்கது.