ஒரு சொட்டு ஆயிலில் எஞ்சினின் ஆயுள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி கரைகளில் விசைப்படகுகளுக்குப் பழுது பார்க்கும் காலமும் அதுதான். பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரித்துப் போட்டு வேலை பார்ப்பார்கள். பிரித்த எஞ்சினில் அனுபவமுள்ள மெக்கானிக் செய்யும் சோதனை ஒன்று உண்டு. சிலிண்டர் லைனரின் உட்சுவரில் விரல் நகத்தை மேலும் கீழுமாக ஓட்டுவார். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் தட்டினால் அங்கே படி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். லைனர் தேய்ந்துவிட்டது.

தேய்ந்த இடத்தில் இருந்த இரும்பு எங்கே போயிற்று? கண்ணுக்குத் தெரியாத தூளாகி எஞ்சின் ஆயிலில் கலந்தது. ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் வடித்து ஊற்றிய கறுப்புத் திரவத்தோடு எஞ்சினின் உடம்பும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டே இருந்தது. எஞ்சினைப் பிரிக்காமலே அந்தத் தேய்மானத்தைக் கண்டுபிடிக்க முடியும், எந்த உறுப்பு தேய்கிறது என்றுகூடச் சொல்ல முடியும் என்பதுதான் இதில் வியக்கத்தக்க செய்தி.

மிதக்கும் இரும்பு

எண்ணெய் வழுக்கும், அதனால் உராய்வு குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எண்ணெய் பாரத்தையே தூக்கி நிறுத்துகிறது என்பது தெரியவந்து இன்னும் 150 ஆண்டுகூட ஆகவில்லை. 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளுக்கான பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக ஒரு பேரிங்கின் மேல்பக்கத்தில் துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. அடைப்பானை வைத்து அடைத்தார். எண்ணெய் அதையும் தள்ளிவிட்டு வந்தது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. பேரிங்கின் மேல் ஏற்றிய பாரத்தின் சராசரி அழுத்தமோ அதில் பாதிதான்.

இதற்கான கணக்கை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதிக் காட்டினார். சுழலும் அச்சு, தன்னோடு ஒட்டியிருக்கும் எண்ணெயைக் குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது. எளிதில் வெளியேற முடியாத எண்ணெய்க்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் அச்சைத் தூக்கிவிடுகிறது. ஓடும் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதில்லை. எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. பாரம் மிகுந்த இடத்தில் அந்தப் படலத்தின் தடிமன் சில மைக்ரான்கள்தான். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். ஒரு படகையும் அதிலுள்ள வலையையும் மீனையும் தள்ளிச் செல்லும் விசை முழுவதும் அந்த மெல்லிய படலத்தைக் கடந்துதான் புரொப்பெல்லருக்குப் போகிறது.

படலத்தின் தடிமனை மூன்று காரணங்கள் தீர்மானிக்கின்றன. வேகம் கூடினால் படலம் தடிக்கும். பாரம் கூடினால் மெலியும். எண்ணெய் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு தாங்கும். இழுவை மடியைக் கடலடியில் இழுத்துக்கொண்டு போகும் படகை எண்ணிப் பாருங்கள். படகு மெல்ல நகரும். எஞ்சினோ மணிக்கணக்கில் முழுப் பாரத்தில் முக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எஞ்சினைக் காப்பாற்றுவதில் எண்ணெயின் கெட்டித்தன்மைக்கு, அதாவது பாகுத்தன்மைக்கு, பெரிய பங்கு உண்டு.

டப்பாவில் உள்ள எண்

டீசல் எஞ்சின்களுக்குப் பரவலாக விற்கப்படும் ஆயிலின் டப்பாவில் 15டபிள்யூ-40 என்று அச்சிட்டிருக்கும். முதல் பாதி குளிர்காலத்துக்கானது. கடுங்குளிரில் எஞ்சினைச் சுழற்ற அந்த ஆயில் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் சோதித்துக் கொடுத்த மதிப்பு அது. நம் கடற்கரைக்கு அந்தக் குளிர் ஒருநாளும் வராது. நமக்கு வேண்டியது 40 என்ற இரண்டாவது எண். சூடேறி 100 டிகிரியில் இருக்கும்போது அதன் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். அறை வெப்பத்தில் தண்ணீரின் பாகுத்தன்மை ஏறத்தாழ 1.

இதே ஆயிலை 40 டிகிரியில் அளந்தால் 110 அளவில் இருக்கும். அதாவது 60 டிகிரி சூடு ஏறுவதற்குள் அதன் கெட்டித்தன்மை ஏழில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது. கடல்தண்ணீரால் குளிரூட்டப்படும் எஞ்சினில் தண்ணீர் இழுக்கும் வாயைப் பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்துக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும். எண்ணெய் நீர்த்துப்போகும். படலம் கிழிந்து உலோகம் உலோகத்தைத் தொடும். டப்பாவில் என்ன எண் இருந்தாலும் அந்தச் சூட்டில் அது காப்பாற்றாது.

அப்படியானால் இன்னும் கெட்டியான ஆயிலை ஊற்றிவிடலாமே? பலர் செய்வது அதைத்தான். எஞ்சின் பழசாகி ஆயில் பிரஷர் இறங்கினால் ஒரு எண் கூட்டி ஊற்றுவார்கள். மீட்டரில் முள் ஏறும், மனமும் நிம்மதியாகும். அந்த முள் காட்டுவது எண்ணெய் குழாயில் போக எவ்வளவு திணறுகிறது என்பதை. பேரிங்குக்கு எவ்வளவு எண்ணெய் போய்ச் சேர்ந்தது என்பதை அது காட்டாது. அளவுக்கு மீறிக் கெட்டியான எண்ணெய், ஸ்டார்ட் செய்தவுடன் மேல் உறுப்புகளுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். ஃபில்டர் வழியே போக முடியாமல் அழுத்தம் ஏறினால் ஃபில்டரில் உள்ள பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். வடிகட்டாத எண்ணெய், அதிலுள்ள தூளோடு நேராகப் பேரிங்குக்குப் போகும். கெட்டியைக் கலக்கிச் சுற்றுவதற்கு வேறு டீசல் செலவாகும். தேய்ந்த பேரிங் அதனால் ஒரு மைக்ரான்கூட வளராது.

லைனரில் படி ஏன் மேல் விளிம்புக்கு அருகில் மட்டும் விழுகிறது என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் புள்ளியில் அதன் வேகம் ஒரு கணம் பூஜ்யம். வேகம் இல்லாவிட்டால் படலம் இல்லை. எரியும் வாயுவின் சூடும் அழுத்தமும் உச்சத்தில் இருப்பதும் அங்கேதான். அந்த இடத்தை எண்ணெயின் கெட்டித்தன்மை மட்டும் காப்பாற்ற முடியாது. அதற்காகவே ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் கொண்ட ஒரு சேர்மத்தைக் கலக்கிறார்கள். உரசும் சூட்டில் அது சிதைந்து, உலோகத்தின் மேல் மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கண்ணாடித்தன்மையுள்ள ஒரு மேலுறையாகப் படிகிறது. இரும்புக்குப் பதிலாக அந்த உறை தேய்கிறது. தேயத் தேய மறுபடி படிகிறது. அந்தச் சேர்மம் தீர்ந்த பழைய ஆயில், கையில் தொட்டால் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் காவல் இல்லாத ஆயில்தான்.

ஆகவே பாகுத்தன்மை தேய்மானத்தைப் பாதிக்குமா என்றால், நிச்சயம் பாதிக்கும். குறைந்தாலும் கெடுதல், மிகுந்தாலும் கெடுதல். எஞ்சின் தயாரித்தவர் சொன்ன எண்ணே சரியான எண்.

ஒளியில் தெரியும் உறுப்புகள்

1940களில் அமெரிக்காவின் டென்வர் நகர ரயில் நிறுவனமொன்றின் ஆய்வகத்தில், டீசல் ரயில் எஞ்சின்களின் பழைய ஆயிலை நிறமாலைக் கருவியில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். நம் ரயில்வேயின் டீசல் லோகோ ஷெட்களிலும் இந்தச் சோதனை வழக்கமாயிற்று. முறை எளியது. ஆயிலில் நனைந்தபடி சுழலும் கரித்தட்டுக்கும் ஒரு கரிக்குச்சிக்கும் இடையே மின்பொறியைப் பாய்ச்சுவார்கள். ஆயிலில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களில் ஒளிரும். அடுப்புத் தீயில் உப்பு விழுந்தால் சுடர் மஞ்சளாகிறதே, அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். எல்லா உலோகங்களுக்கும் இப்படி ஒரு நிறவரிசை உண்டு.

இரும்பு கூடியிருந்தால் லைனரோ கிராங்க்கோ தேய்கிறது. அலுமினியம் வந்தால் பிஸ்டன். குரோமியம் என்றால் ரிங். ஈயமும் தகரமும் செம்பும் சேர்ந்து வந்தால் பேரிங். செம்பு மட்டும் தனியாக ஏறினால் ஆயில் கூலரையோ புஷ்களையோ பார்க்க வேண்டும். சிலிக்கன் கூடினால் ஏர் ஃபில்டர் வழியே மணல் போயிருக்கலாம்.

அளவோ மிகச் சிறியது. 15 லிட்டர் ஆயில் பிடிக்கும் எஞ்சினில் இரும்பு பத்து லட்சத்தில் 100 பங்கு என்று சோதனை சொன்னால், மொத்த இரும்பும் சேர்ந்து சுமார் 1.3 கிராம்தான். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சென்ற முறை 30, இந்த முறை 35 என்றால் எஞ்சின் இயல்பாக ஓடுகிறது. 30 திடீரென்று 100 ஆனால் உள்ளே ஏதோ தொடங்கிவிட்டது.

இந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. சுமார் எட்டு மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் பொறியில் முழுதாக எரிவதில்லை, கணக்கிலிருந்து தப்பிவிடும். முறிவுக்கு முன்னால் வருவதோ பெரிய துகள்கள். அதற்காக 1970களில் வெர்னான் வெஸ்ட்காட் என்பவர் வேறொரு வழி கண்டார். காந்தத்தின் மேல் சரிவாக வைத்த கண்ணாடிச் சில்லில் ஆயிலை மெல்ல ஓடவிட்டால், இரும்புத் துகள்கள் அளவுவாரியாகப் படியும். நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய செதில்கள் தெரியும். அவை இயல்பான தேய்மானம். கடைசல் பட்டறையில் விழுவதுபோன்ற சுருள்கள் தெரிந்தால் மணலோ கடினமான துகளோ உள்ளே வெட்டுகிறது. கனத்த கட்டிகள் தெரிந்தால் உலோகம் களைத்துப் பெயர்கிறது. துகளின் அளவு படலத்தின் தடிமனை ஒத்திருக்கும்போதுதான் சேதம் அதிகம். அதைவிடச் சிறியது நழுவிப் போகும். மிகப் பெரியது இடுக்குக்குள் நுழையாது.

உப்பும் டீசலும்

இந்தக் கடற்கரையில் உலோகம் எவ்வளவு விரைவாக அரிக்கும் என்பதற்குப் பாம்பன் ரயில் பாலமே சாட்சி. 1914இல் திறந்த பழைய பாலம் பயன்பாட்டில் இருந்தவரை அதை உப்புக்காற்றிலிருந்து காப்பாற்றும் வேலை ஓய்ந்ததே இல்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிமானத்தை ஆராய மண்டபத்தில் தனி நிலையம் அமைத்ததும் இதனால்தான். அதே உப்பு எஞ்சினுக்குள்ளும் நுழையும். ஆயில் கூலரில் ஓர் ஊசித்துளை விழுந்தால் போதும். ஆயில் வெளிறிக் கலங்கலாக மாறும், பேரிங் துருப்பிடிக்கும். சோதனையில் சோடியமும் மக்னீசியமும் ஏறத்தாழ எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்து ஏறினால், உள்ளே வந்தது கடல்தண்ணீர்தான். கடலில் அவை இருக்கும் விகிதம் அது.

இன்னொரு எதிரி டீசல். நாசில் ஒழுகினாலோ நெடுநேரம் ஐட்லிங்கில் விட்டாலோ எரியாத டீசல் லைனர் வழியே ஆயிலில் இறங்கும். 40 டிகிரியில் 110 சென்டிஸ்டோக் உள்ள ஆயிலில் வெறும் 5 சதவீதம் டீசல் கலந்தால் பாகுத்தன்மை கால்பங்கு இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். ஆயில் தானாகப் பெருகாது. டீசலோ தண்ணீரோ வந்திருக்கிறது.

மாறாக, ஆயில் கறுத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டீசல் எஞ்சினில் கரி பிடிப்பது இயல்பு. அந்தக் கரியை எங்கும் படியவிடாமல் சுமந்துகொண்டிருப்பதும் ஆயிலின் வேலைதான்.

இதையெல்லாம் கரையிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால் சடசடவென்று வெடிக்கிறதா? தண்ணீர் இருக்கிறது. மை உறிஞ்சும் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். கரி சீராகப் பரவியிருந்தால் ஆயிலுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. நடுவில் கறுப்பாகக் கட்டி நின்றால் அதன் வேலை முடிந்தது. பழைய ஃபில்டரை எறியுமுன் வெட்டி, தாளைப் பிரித்து வெயிலில் பாருங்கள். மினுமினுப்பு கண்ணுக்கே தெரிந்தால் துகள்கள் மிகப் பெரியவை. எஞ்சினை இனிக் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

பலரும் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகும்போது புது ஆயில் ஊற்றுகிறார்கள். அதைத் தடைக்காலம் தொடங்குமுன் ஊற்றுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் 61 நாளும் பேரிங்கை அரித்துக்கொண்டிருக்க விடாதீர்கள். வடிக்கும்போது சூடாக இருக்கும் ஆயிலில், ஓட்டத்தின் நடுவில் ஒரு சுத்தமான பாட்டிலில் 100 மில்லி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வருடாவருடம் அந்த எண்களைக் குறித்து வையுங்கள். மீண்டும் ஸ்டார்ட் செய்யுமுன் டீசலை அடைத்துவிட்டு, பிரஷர் முள் அசையும்வரை எஞ்சினைச் சுழற்றுங்கள். வடித்த ஆயிலை ஜெட்டி ஓரத்தில் கடலில் ஊற்றாதீர்கள். பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளர்களிடம் சேர்த்துவிடுங்கள். எஞ்சினில் தேய்ந்த ஈயமும் செம்பும் பாக் நீரிணையின் கடற்புல்லுக்குப் போனால், அதே புல்லில் வளரும் இறாலும் மீனும்தான் அடுத்த நாள் உங்கள் மடிக்கு வர வேண்டியவை.